பன்னிரண்டு புது பிரஷ்கள்

அத்தியாயம் 9

கண்டக்டருக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. இருபத்தாறு வருடம் பஸ்ஸில் எல்லா வாடையையும் பிடித்துப் பார்த்தவர்தான். வாந்தி, கருவாடு, புது பெயிண்ட் எதற்கும் முகம் சுளித்ததில்லை. ஆனால் இந்தப் பினாயில் வாடை மட்டும் நேராக அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்காரும்போதெல்லாம் அவருக்கு வாய் அதிகமாகும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே மேடத்திடம் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். மேடம், இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யும் மெய்யும் பிரித்துப் பிரித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். வயதில் கண்டக்டர் பன்னிரண்டு வருடம் மூத்தவர். ஆனாலும் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை மேடம்தான் முடிவு செய்வார்.

மணி ஒன்று ஐம்பது. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் நின்றபடியே பேசினார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தவர் போல இருந்தது அவர் முகம்.

“என்ன விஷம்னு எனக்குத் தெரியும். களைக்கொல்லி. எப்படி உள்ள போச்சுன்னுதான் தெரியல. நேத்து மத்தியானம் எடுத்துக் குடிச்சிட்டார்னு அவர் வேலை பாக்கற பண்ணையில சொல்றாங்க.”

“அவர் என்ன சொல்றார்?” என்றார் மேடம்.

“வாய் வெந்துபோயிருக்கு, பேச முடியாது. பேனா குடுத்தா கை நடுங்குது. குடிச்சீங்களான்னு கேட்டா இல்லைன்னு தலையாட்டறார். குடிச்சவங்கள்லயும் பாதிப் பேர் அப்படித்தான் ஆட்டுவாங்க.”

“புண் எப்படி இருக்கு?”

“அது கொஞ்சம் விசித்திரம். உதட்டுக்கு நடுவில, சட்டைப் பட்டன் அளவுக்கு, வட்டமா, ஆழமா. நாக்கு நுனியிலயும் அதே மாதிரி.”

“பட்டனுக்கு யாராவது முத்தம் குடுப்பாங்களா டாக்டர்?” என்றார் கண்டக்டர்.

மேடம் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நேத்து ஒரே தடவை போனதுன்னா, ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷினை ஓட்டிப் பாக்கலாம். பத்துக்கு ரெண்டு சான்ஸ் இருக்கு. அதை நம்பித்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். நாள் கணக்கா கொஞ்சம் கொஞ்சமா போயிருந்தா, நுரையீரல்ல ஏறி உக்காந்திருக்கும். அதை இறக்க என்கிட்ட மருந்து இல்ல. யார்கிட்டயும் இல்ல.”

இவர்களை வரவழைத்தவள் உள்ளே கிடக்கிற மனிதரின் மகள். துணிக்கடையில் பில் போடுகிற பெண். கடை யூனிஃபார்மோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து உள்ளே போகவில்லை. கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்கவில்லை.

“முந்தாநாள் ராத்திரி சண்டை போட்டேன்,” என்றாள் மேடத்திடம். “நீ இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே போய்ப் படுத்துட்டார். மறுநாள் இப்படி.”

“அதனாலதான்னு நீ எதுக்கும்மா முடிவு கட்டறே?”

“அஞ்சு மணிக்கு ஏட்டையா வந்து எழுதிக்குவார். தானே குடித்தார்னு எழுதினா அவ்வளவுதான், அப்புறம் அது அப்படியே நிக்கும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் மேடம். குடிச்சாரா, குடிக்கலையா? அது தெரியாம என்னால அந்தக் கதவைத் திறக்க முடியாது.”

கண்டக்டர் ஏதாவது தமாஷாகச் சொல்லி அந்தப் பெண்ணைத் தேற்ற நினைத்தார். “மூணு மணி நேரம் இருக்கு கண்ணு,” என்று மட்டும் சொன்னார்.

*

பண்ணைக்கு முக்கால் மணி நேரப் பயணம். எழுநூறு ஏக்கர் மக்காச்சோளம். வரிசைக்கு வரிசை இடைவெளியில் களை முளைத்தால், பன்னிரண்டு பேர் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு ஒரே வரிசையாக நடந்து மருந்தடிப்பார்கள். அவர்களில் ஒருவர்தான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர். பண்ணையில் அவருக்கு ‘பலூன்’ என்று பெயர்.

“தொப்பையா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“இல்ல சார், ஒல்லி. ஏன் அப்படிக் கூப்பிடறாங்கன்னு தெரியல,” என்றார் பாதுகாப்பு ஆபீசர். முப்பது வயதிருக்கும். ஷூவின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார். மருந்துக் கிடங்கின் தரை, கல்யாண மண்டபம் போலத் துடைத்துக் கிடந்தது.

கிடங்கில் கேன்கள் எண் போட்டு அடுக்கியிருந்தன. ஆபீசர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வந்தது, போனது, மிச்சம், எல்லாம் சரியாக இருந்தது.

“ஒரு மூடி மருந்து குறைஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும் மேடம்.”

“அப்ப கேன்ல இருந்து எடுத்துக் குடிக்கல.”

“டேங்க்ல கலந்ததைக் குடிச்சிருக்கலாமே.”

“பதினாறு லிட்டர் டேங்க், முதுகுல. பக்கத்துல பதினொரு பேர். கழட்டி, மூடியைத் திறந்து, தூக்கி வாயில கவுத்தா ஒருத்தர் கண்ணுலயும் படாதா?”

ஆபீசர் மூன்று விரற்கடை தடிமனுள்ள ஒரு கோப்பை மேஜையில் வைத்தார். ‘களைக்கொல்லிப் பயன்பாடு: உடல்நல, பாதுகாப்பு அபாய மதிப்பீடு’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. அவர் அதை வைத்த விதத்தில், முதல் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற பதவிசு இருந்தது.

“எல்லாம் இதுல இருக்கு. தோல்ல எவ்வளவு படும், கண்ணுல எவ்வளவு தெறிக்கும், மூச்சுல எவ்வளவு போகும். எட்டு மாசம் முன்னாடி நானே வரிசையோட நடந்து எடுத்த கணக்கு. அனுமதிச்ச அளவுல பாதிகூட வரல.”

கண்டக்டர் கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். வலது கை ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு முதல் பக்கத்தைப் புரட்டினார். மறுபடி தொட்டு இரண்டாவது பக்கம். மூன்றாவது தடவை விரல் வாய்க்குப் போவதற்குள் மேடம் அவர் கையில் ஒரு அடி போட்டார்.

“என்ன மேடம், சின்னப் பிள்ளைய அடிக்கிற மாதிரி!”

“மருந்துக் கிடங்குல இருக்கிற கோப்பு. விரலை வாயில வைக்கிறீங்க.”

“நான் எங்க வெச்சேன்?”

“ரெண்டு தடவை வெச்சீங்க.”

கண்டக்டர் விரலைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. “இருபத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்ச விரல் மேடம். அதுவா போய் நனைஞ்சுக்குது. என்கிட்ட அனுமதி கேக்கறதில்ல.”

மேடம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை கண்டக்டருக்குப் பழக்கம். தடம் மாறிய பஸ் சரியான ரோட்டைப் பிடிக்கிற நேரம் அது.

“உங்களை இப்ப கூண்டுல ஏத்தி, வாயில விஷம் வெச்சீங்களான்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“இல்லைன்னுதான். சத்தியமாவே சொல்வேன்.”

“அவரும் இல்லைன்னுதான் தலையாட்டறார்,” என்றபடி மேடம் பக்கங்களைப் புரட்டினார். ‘வாய்’ என்ற தலைப்பில் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தார். “நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. பிரஷ்ஷால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு பிரஷ். நாசில்ங்கறது மருந்து பீய்ச்சற அந்தக் குட்டி மூக்குதானே?”

“ஆமா. பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க பாருங்க.”

“பிரஷ் எங்கே?”

கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டு பிரஷ்கள் எண் போட்ட கொக்கிகளில் தொங்கின. நீலக் கைப்பிடி, வெள்ளை முடி. ஒரு முடிகூட வளையவில்லை, மஞ்சளிக்கவில்லை.

“எட்டு மாசமா பல்லே விளக்காத வீடு போலிருக்கு,” என்றார் கண்டக்டர்.

“அடைப்பு வந்தாத்தானே சார் பிரஷ் வேணும்? மதிப்பீட்டு நாள்ல ரெண்டு மணி நேரம் கூடவே நடந்தேன். ஒரு நாசில்கூட அடைக்கல. எழுதியே இருக்கேன். அடைப்பு, பூஜ்யம்.”

மேடம் ஐந்தாம் எண் பிரஷ்ஷைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். உதிரி நாசில் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சட்டைப் பட்டன் அளவுதான் இருந்தது அதன் வட்ட முகப்பு.

*

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆபீசர் கோப்போடு கூடவே வந்தார். வரப்பில் பதினொரு பேர் டேங்க்கை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறு ஆண், ஐந்து பெண். எதைக் கேட்டாலும் “தெரியலைங்க” என்ற ஒரே பதில். மேஸ்திரி சற்றுத் தள்ளி நின்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிக்கெட் இல்லாம ஏறின ஆள் மாதிரியே எல்லாரும் ஜன்னலுக்கு வெளிய பாக்கறாங்க,” என்று கண்டக்டர் முணுமுணுத்தார்.

மேடம் கேள்வியை நிறுத்திவிட்டார். கீழே குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, கையிலிருந்த நாசிலுக்குள் திணித்தார். அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இது அடைச்சுக்கிச்சு. என்ன பண்றது?”

பதினொரு தலையும் ஒரே பக்கம் திரும்பியது. வரிசையின் நடுவில், ஆறாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் இடையில், ஒரு ஆள் உட்காருகிற அளவு இடம் காலியாக இருந்தது.

திரும்பிய வேகத்திலேயே தலைகள் குனிந்தன. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள் அவள், ஐம்பதை நெருங்குகிறவள்.

“அவர்தானே ஊதுவார்?” என்றார் மேடம், மெதுவாக.

“எல்லாருக்கும்,” என்றாள் பெரியக்கா. “நாங்க ஊதினா மூணு நாலு தடவை ஊதணும். பலூன் அண்ணன் ஒரே மூச்சு. முன்னாடி பஸ் ஸ்டாண்டுல பலூன் ஊதி வித்தவர்மா. வாயில வெச்சா ‘புஸ்’னு தூள் வெளிய வந்து விழும். கையைத் தூக்கிக் காட்டினா போதும், அவரே ஓடி வந்துடுவார். நான் இல்லேன்னா இந்த வரிசை நகருமான்னு கேட்டுச் சிரிப்பார்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“பத்து, பதினஞ்சு. போன வாரம் களை முத்திப் போச்சுன்னு கலவையக் கெட்டியாக்கினாங்க. அதுக்கப்புறம் எண்ணலைம்மா. நாப்பதுகூட இருக்கும்.”

“பிரஷ் இருக்கே?” என்று குறுக்கிட்டார் ஆபீசர்.

மேடம் பையிலிருந்து ஐந்தாம் எண் பிரஷ்ஷை எடுத்து நாசில் துவாரத்தில் வைத்தார். அழுத்தினார். திருப்பிப் பார்த்தார். முடி வளைந்ததே தவிர உள்ளே போகவில்லை. துவாரம் ஊசிக் காது, பிரஷ் சுண்டுவிரல்.

“இதை நீங்க வாங்கினப்ப நாசில்ல வெச்சுப் பாத்தீங்களா?”

“பட்டியல்ல... நாசில் பிரஷ்னுதான் போட்டிருந்தது,” என்றார் ஆபீசர். “ஆனா அன்னைக்கு ரெண்டு மணி நேரம் நான் நடந்தேன் மேடம். கண்ணால பாத்தேன். ஒண்ணுகூட அடைக்கல. அதெப்படி?”

வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியக்காதான் சொன்னாள்.

“அன்னைக்கு டேங்க்ல மருந்து இல்ல சார். பச்சத் தண்ணி.”

“என்னது?”

“நீங்க பக்கத்துலயே நடக்கறீங்க, உங்க மேல தெறிச்சுடக் கூடாதுன்னு மேஸ்திரி தண்ணியை ஊத்தச் சொன்னார். உங்க பாதுகாப்புக்குத்தான் சார்.”

மேஸ்திரி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆபீசர் கோப்பைத் திறந்தார். அந்த வெயிலில் நின்றுகொண்டே பக்கம் பக்கமாகப் பார்த்தார். தோல், கண், மூச்சு, வாய். அவ்வளவும் தண்ணீரின் கணக்கு. கடைசிப் பக்கத்தில் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்திருந்தார்.

“ஆளுக்கு எவ்வளவுன்னு வகுத்தேன்,” என்றார் யாரிடமும் இல்லாமல். “எல்லாருதும் ஒரே வாய்க்குப் போகும்னு...” கோப்பை மூடினார்.

கண்டக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மேடத்தைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

“டபுள் விசில் குடுங்க மேடம், வண்டி கிளம்பலாம்! குடிக்கல. அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மணி மூணு அம்பதுதான். ஏட்டு வர்றதுக்கு முன்னாடி போய்ச் சொல்லிடலாம்!”

மேடம் நாசிலில் இருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“ஏன் மேடம் இப்படி நிக்கிறீங்க? ஜெயிச்சுட்டோம்!”

“எட்டு மாசம் கண்டக்டர்,” என்றார் மேடம். “ஒரு நாள் இல்ல. ஒரு தடவை இல்ல. எட்டு மாசம். டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?”

கண்டக்டரின் கை அந்தரத்தில் நின்றது. பத்துக்கு இரண்டு என்று டாக்டர் சொன்னது ஒரே ஒரு தடவை குடித்த மனிதருக்கு. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனவருக்கு அவர் சான்ஸ் எதுவும் சொல்லவில்லை. மருந்து இல்லை என்றார்.

“அப்ப... சொல்லாம விட்டுட்டா?”

“விட்டா அந்தப் பொண்ணு ஆயுசு பூரா தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டு இருப்பா.”

“சொன்னா?”

மேடம் நாசிலைப் பையில் போட்டார். “வண்டியில ஏறுங்க,” என்றார்.

கிளம்பும்போது கண்டக்டர் தன் செல் நம்பரை ஒரு பழைய டிக்கெட்டின் பின்னால் எழுதிப் பெரியக்காவிடம் கொடுத்தார். ஏட்டு கேட்டால் வந்து சொல்ல வேண்டும் என்றார். அவள் தலையாட்டினாள். “எங்க நாசிலை நாங்கதான் அவர் கையில குடுத்தோம். அதையும் எழுதிக்குவாங்களா அண்ணே?” என்று கேட்டாள்.

*

மணி நாலு நாற்பது. மேடம் முதலில் டாக்டரிடம் பேசினார். டாக்டர் கேட்டுக்கொண்டார். இரண்டு கேள்வி கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பெஞ்சில் அந்தப் பெண் அதே இடத்தில் இருந்தாள். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். வட்டப் புண், பிரஷ், திரும்பிய பதினொரு தலை, ஒரே மூச்சு. எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப குடிக்கல,” என்றாள்.

“குடிக்கல.”

அவள் முகம் ஒரு கணம் அவிழ்ந்தது. இரண்டு நாளாகக் கட்டி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தார் கண்டக்டர். அழவில்லை.

“எட்டு மாசமா போயிருக்குன்னா மிஷின்...” என்று ஆரம்பித்து மேடத்தின் முகத்தைப் பார்த்தாள்.

மேடம் பார்வையைத் திருப்பவில்லை. அதுதான் அவரால் முடிந்தது.

“ஒரே தடவை குடிச்சிருந்தா பொழச்சிருப்பாரா?”

“தெரியாதும்மா. ஒரு வேளை.”

“நான் திட்டினதால குடிச்சிருந்தா ஒரு வேளை பொழச்சிருப்பார்,” என்றாள் அவள். திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சரிபார்க்கிறவள் போல இருந்தது. பிறகு எழுந்து, யூனிஃபார்மின் சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

ஏட்டு வந்துவிட்டார். மேஜையில் படிவத்தை விரித்து, மேடம் சொல்லச் சொல்லக் கேட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். “தானே குடித்ததுன்னு போடல மேடம்,” என்றார். “ஆனா ஊதக் கூடாதுன்னு சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருக்காங்களே. அப்ப இதுக்கு இங்க ஒரு கட்டம்தான் இருக்கு. ‘சொந்தக் கவனக்குறைவு.’ வேற கட்டம் இல்ல.”

மேடம் பேனா பிடித்த அந்தக் கையோடு வாதாட ஆரம்பித்தார். பிரஷ்ஷை எடுத்து மேஜையில் வைத்தார். நாசிலை வைத்தார். ஏட்டு இரண்டையும் பொருத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கட்டம் மட்டும் மாறவில்லை.

கண்டக்டரின் செல் அடித்தது.

“அண்ணே, பலூன் அண்ணன் எப்படி இருக்கார்?” பெரியக்கா.

கண்ணாடி வழியே பார்த்தார். நர்ஸ் மிஷினின் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மகள் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கை அவள் தலைமேல் இருந்தது.

“மக கூட இருக்கா,” என்றார்.

“அது போதும்ணே.” பிறகு, “மறுபடி வரிசை போட்டுட்டாங்க. ஆபீசர் வேண்டாம்னுதான் சொன்னார். மேல எழுதிக் கேட்டிருக்காராம், பதில் வரலையாம். இந்தப் பாத்தி முடியாம போகக் கூடாதுன்னு மேஸ்திரி நிக்கிறார். என்னுது அடைச்சுக்கிச்சு.”

“ஊதாதீங்க!” என்றார் கண்டக்டர். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரிண்ணே, ஊதல. பின்ன என்ன பண்ணட்டும்?”

இருபத்தாறு வருடத்தில், படிக்கட்டில் தொங்குகிறவனிலிருந்து பரிசோதகர் வரை யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை அவர். வாயைத் திறந்தார். மூடினார். மேடத்தைப் பார்த்தார், மேடம் இன்னும் ஏட்டின் மேஜையில் குனிந்திருந்தார்.

“அண்ணே? இருக்கீங்களா?”

தூரத்தில் மேஸ்திரி கத்துவது கேட்டது. யாரோ பதில் சொன்னார்கள். செல்லை எங்கோ வைக்கிற சத்தம். நாசிலைத் திருகிக் கழற்றுகிற சத்தம். அதற்குப் பிறகு சின்னதாக ஒரு மூச்சு. இன்னொன்று. மூன்றாவது.

“சரியாயிடுச்சுண்ணே,” என்றாள் பெரியக்கா.